சைமன் காசிச் செட்டியார்: ஊர்களை எழுதி வைத்த பெருமகன்

சிலாபம் பட்டினத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவில் முன்னேஸ்வரம் என்னும் திருத்தலம் உள்ளது. அவ்வூரிலே பிறந்து, கல்வியின் பொருட்டு வடக்கே வந்து, இக்கல்லூரியின் நிழலிலே தங்கிப் பயின்றவர்களுள் நாமும் ஒருவர். எம் தந்தையார் விடுதிக்கு எழுதிய கடிதங்களின் தலைப்பிலே சிலாபம் மாவட்டம் என்றே எழுதுவார். அம்மாவட்டம் அரசாங்கப் பதிவுகளிலிருந்து மறைந்து சில ஆண்டுகள் சென்ற பின்பும் அவ்வழக்கத்தை அவர் விடவில்லை. நாமோ பாடசாலைப் படிவங்களிற் புத்தளம் மாவட்டம் என்று எழுதினோம். உடன் பயின்ற நண்பர்கள் இதனைக் கண்டு, தந்தை ஒரு மாவட்டத்திலும் மகன் வேறொரு மாவட்டத்திலும் வாழ்கின்றனர் என்று நகைப்பதுண்டு. வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. வாசலில் நின்ற வேம்பும் அசையவில்லை. எல்லை மட்டுமே பெயர்ந்துவிட்டது. இஃது எங்ஙனம் நிகழ்ந்தது என்று வினவிய நண்பர்களுக்கு விடை கூற அந்நாளில் எம்மால் இயலவில்லை.

பல ஆண்டுகள் கழிந்த பின்னர், நூலகம் ஒன்றிலே பழைய ஆங்கில நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தபோதே அவ்வினாவுக்குரிய விடையின் தொடக்கத்தைக் கண்டோம். எம் கரையோரத்தைச் சேர்ந்த தமிழர் ஒருவர், தமது 27ஆம் வயதிலே, இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் பிரிவுகளையும் அகரவரிசையில் அடுக்கி எழுதி வெளியிட்ட நூல் அது. அவரே சைமன் காசிச் செட்டியார். தமிழ்ப் புலவர் சரித்திரம் எழுதியவர் என்ற அளவில் அவர் பெயரை நம்மிற் பலர் கேள்வியுற்றிருப்போம். ஊர்களின் சரித்திரத்துக்கு அவர் ஆற்றிய தொண்டினை அறிந்தோர் சிலரே. கல்லூரி விழாக்கொண்டாடும் இவ்வாண்டில், அப்பெரியாரின் வாழ்க்கையைச் சுருக்கமாக எடுத்துரைத்தல் பொருத்தமாகும் எனக் கருதுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

புத்தளத்துக்கு மேற்கே, ஒரு புறம் கடலும் மறுபுறம் களப்பும் சூழ, வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் நிலமுனையிலே கற்பிட்டி என்னும் பழம் பட்டினம் உள்ளது. களப்பினுட் செல்லும் ஓடங்களைக் காவல் செய்தற்கு அதனினும் சிறந்த இடம் அக்கரையில் இல்லை. ஆதலால் போர்த்துக்கேயர் அதனைக் கைப்பற்றினர்; பின் ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டிலே அங்கு கோட்டை கட்டினர்; 1795இல் அஃது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஆங்கிலேயர் வந்து 12 ஆண்டுகள் சென்ற பின், 1807ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 21ஆந் திகதி, காசிச் செட்டியார் அவ்வூரிலே பிறந்தார். கொழும்புச் செட்டிமார் என வழங்கும் வணிக மரபினர் அவர் குடும்பத்தார். பிறப்பாற் கிறித்தவர்.

அக்காலத்துக் கற்பிட்டியைச் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். வீட்டில் தமிழ், சந்தையிலே தமிழும் சிங்களமும், பழைய குடும்பங்களிற் போர்த்துக்கேயமும் ஒல்லாந்தமும், கச்சேரியிலே புதிதாக வந்த ஆங்கிலம். கடற்றொழில் செய்வோரும், முத்துக்குளிப்போரும், உப்பு விளைப்போரும், தென்னிந்தியாவிலிருந்து வந்து செல்லும் வணிகரும், சோனகரும் ஒருங்கே வாழ்ந்த துறை அது. இவ்வாறான ஊரிலே பிறந்த பிள்ளை பல மொழிகளைக் கற்றதில் வியப்பில்லை. வியக்கத்தக்கது அவர் அவற்றைப் பயன்படுத்திய விதமே. ஒரே இடத்துக்குத் தமிழர் ஒரு பெயரும், சிங்களர் ஒரு பெயரும், ஐரோப்பியர் ஒரு பெயரும் வழங்குதலை இளமை முதலே கேட்டு வளர்ந்தவர் அவர். இம்மூன்று பெயரும் ஒரே ஊரையே குறிக்கின்றன என்று அறிவதும், அவற்றின் பொருளை ஆராய்வதும் அவருக்கு இயல்பாயின.

இளம்பிராயத்திலேயே அவர் அரசாங்க சேவையிற் புகுந்து, புத்தளம் நீதிமன்றத்திலே மொழிபெயர்ப்பாளராகக் கடமையாற்றினார். அம்மன்றத்தின் உத்தியோகம் சிறியதாயினும் அதனிடத்தே கற்கக்கூடியவை மிகப் பல. காணி வழக்குகளில் எல்லைக்கல் எங்கே நின்றது, குளத்தின் நீர் யார் வயலுக்குப் பாய்ந்தது, எந்தப் பற்றுக்கு எந்த ஊர் வரி செலுத்திற்று என்பனவே நாள்தோறும் எழும் வினாக்கள். முதியோர் கூறும் சாட்சியத்தை ஒரு மொழியிலே கேட்டு மற்றொரு மொழியிலே சொல்ல வேண்டிய இளைஞர், தம்மையறியாமலே நாட்டின் வரலாற்றைக் கற்றுக்கொண்டார் என்பது எம் எண்ணம். பின்னர் முதலியார் பட்டமும் புத்தளத்து மணியகாரர் பதவியும் அவருக்குக் கிடைத்தன.

இடவிளக்க நூல்

1834ஆம் ஆண்டு, கோட்டையிலிருந்த திருச்சபை மிசன் அச்சுக்கூடத்திலே, காசிச் செட்டியார் எழுதிய இலங்கைக் கசெற்றியர் என்னும் ஆங்கில நூல் அச்சாயிற்று. கசெற்றியர் என்பது ஊர், ஆறு, மலை, துறை, மாகாணம் முதலியவற்றை அகரவரிசையில் அமைத்து, ஒவ்வொன்றின் இருப்பிடம், வரலாறு, விளைபொருள், குடிகள் ஆகியவற்றைச் சொல்லும் இடவிளக்க அகராதியாகும். இலங்கையர் ஒருவர் தம் நாட்டைப் பற்றி இவ்வகையிலே எழுதிய முதல் நூல் இதுவேயாம். ஊர்களோடு நில்லாது, மக்களின் பழக்க வழக்கங்கள், வேளாண்மை, வாணிகம், கைத்தொழில், அரசிறை, சமயம் ஆகியனவும் அதன்கண் இடம்பெற்றன.

இப்பணியின் அருமையை உணர்தற்கு அக்காலத்து நிலையை நினைத்தல் நன்று. இலங்கை முழுவதற்கும் ஒழுங்கான குடிமதிப்பு 1871ஆம் ஆண்டிலேயே எடுக்கப்பட்டது. நூல் வெளிவந்தபோது அதற்கு இன்னும் 37 ஆண்டுகள் இருந்தன. இருப்புப்பாதை இல்லை, தந்தி இல்லை, நம்பத்தக்க நில அளவைப் படமும் அரிது. புத்தளத்திலிருந்து கொழும்புக்குச் செல்வோர் வாய்க்கால் வழியே ஓடத்திலும், மணற்பாதை வழியே மாட்டு வண்டியிலும் சென்றனர். இத்தகைய காலத்தில், தலைநகரத்துப் பெரிய உத்தியோகத்தர் எவரும் முயலாத ஒன்றை, கரையோரத்துச் சிறு பட்டினத்து மணியகாரர் ஒருவர் தாமே முயன்று முடித்தார்.

ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்திலும் இத்தகைய பணி நடைபெற்றது. சாமுவேல் லூயிஸ் என்பார் 1831இலே இங்கிலாந்தின் ஊர்களையெல்லாம் அகரவரிசைப்படுத்திப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். அந்நூல் வெளிவந்த மறுவருடமே, 1832இல், பாராளுமன்றச் சீர்திருத்தச் சட்டம் அந்நாட்டின் பழைய பட்டினங்களின் நிலையைத் தலைகீழாக மாற்றிற்று. பழைய சாரம் என்னும் ஊர், வெறும் மண்மேடாகிக் குடிகளற்றுக் கிடந்தும், அதுவரை இரண்டு பிரதிநிதிகளை அனுப்பி வந்தது. கடல் அரித்துக் கொண்டுபோன டன்விச் என்னும் துறைமுகத்துக்கும் அவ்வாறே இரண்டு இடங்கள் இருந்தன. பஞ்சாலைகளாற் பெருத்த மான்செஸ்டருக்கோ தனக்கென ஒரு பிரதிநிதியும் இல்லை. சீர்திருத்தம் முன்னைய இரண்டின் உரிமையை நீக்கி, பின்னையதற்கு உரிமை அளித்தது. இறந்த ஊர் ஏட்டிலே வாழ்வதும், வாழும் ஊர் ஏட்டிலே இல்லாதிருப்பதும் எந்நாட்டிலும் நிகழக்கூடியனவே என்பதற்கு இது சான்று.

லூயிசுக்கு உதவியாளர் பலர் இருந்தனர். நூலை வாங்கச் சந்தா செலுத்தியோர் பலர். காசிச் செட்டியாருக்கு இருந்தவை தம் அலுவலின் ஓய்வு நேரமும், பல மொழி அறிவும், ஊரவரின் வாய்மொழியுமே. இவ்வேறுபாட்டை நோக்குங்கால் அவர் முயற்சியின் பெருமை விளங்கும்.

எல்லைகள் மாறிய கதை

காசிச் செட்டியார் நூலைத் தொகுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே இலங்கையின் உட்பிரிவுகள் மாறிக்கொண்டிருந்தன. 1815இல் கண்டி அரசு ஆங்கிலேயர் கையில் வீழ்ந்த பின்னும், கண்டிப் பகுதிகள் கரையோரப் பகுதிகளினின்றும் வேறாகவே ஆளப்பட்டு வந்தன. கோல்புறூக், கமறன் என்போரின் விதந்துரைகளின்படி 1833இலே அவ்விரண்டும் இணைக்கப்பட்டு, தீவு முழுவதும் ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது. செலவைக் குறைத்தல் ஒரு நோக்கம். கண்டிப் பகுதிகளைத் துண்டுபடுத்தி, கரையோரத்தோடு ஒட்டி, அவற்றின் தனித்தன்மையைக் குறைத்தல் மற்றொரு நோக்கம். அப்பொழுது சிலாபமும் புத்தளமும், உள்நாட்டு ஏழு கோறளையுடன், மேல் மாகாணத்தைச் சேர்ந்தன.

அவ்வமைப்பும் நெடுநாள் நிலைக்கவில்லை. 1845இல் மேல் மாகாணத்தின் வடபகுதி பிரிக்கப்பட்டு வடமேல் மாகாணம் உண்டாயிற்று. அதன் தலைநகராக முதலில் விளங்கியது புத்தளம். பின்னர் அச்சிறப்புக் குருநாகலுக்குச் சென்றது. 1873இல் வடமத்திய மாகாணமும், 1886இல் ஊவாவும், 1889இல் சப்பிரகமுவாவும் தோன்றி, மாகாணங்கள் ஒன்பதாயின. ஆகவே, 1834இல் ஒருவர் வாங்கிய நூலைக் கொண்டு 1889இல் ஒரு கடிதத்துக்கு மேல்விலாசம் எழுதினால், அதில் மாகாணத்தின் பெயர் பிழையாய்ப் போதலும் கூடும்.

எம் மாவட்டத்தின் கதையும் இத்தகையதே. பிட்டிகல் கோறளையைக் கொண்ட சிலாபம், தனியாக உதவி அரசாங்க ஏஜண்டர் ஒருவரையும் கச்சேரியையும் உடைய மாவட்டமாக விளங்கியது. 1953ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அது தனியாகக் காணப்படுகின்றது. 1963ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அது புத்தளம் மாவட்டத்துள் அடங்கிவிட்டது. எம் தந்தையார் கடிதத் தலைப்பில் எழுதியது முன்னைய ஏட்டின்படி. நாம் படிவத்தில் எழுதியது பின்னைய ஏட்டின்படி. நண்பர்களுக்கு அன்று சொல்ல இயலாத விடை இதுவே.

இது நமக்கு மட்டும் உரிய அநுபவமன்று. 1984இல் யாழ்ப்பாண மாவட்டத்தினின்றும் கிளிநொச்சி பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அப்பகுதியிலிருந்து வந்த பழைய மாணவர் பலர் எம்மைப் போலவே இரண்டு விலாசம் எழுதியவர்களே. இங்கிலாந்தில், 1965இலே மிடில்செக்ஸ் என்னும் பழங்கோட்டம் பெரும்பாலும் இலண்டன் மாநகரப் பிரிவுக்குள் மறைந்தது. 1974இல் வெஸ்ட்மோர்லாந்து, ஹண்டிங்டன்சயர், றட்லாந்து முதலிய கோட்டங்கள் ஆட்சிப் பிரிவுகளாக இருத்தலை இழந்தன. அவற்றுள் மிகச் சிறிய றட்லாந்தின் மக்கள் தம் கோட்டத்தின் பெயரை விடாது பற்றி நின்று, 1997இலே அதனை மீண்டும் பெற்றனர். சிலாபத்தார் அவ்வாறு பெறவில்லை. பெற வேண்டும் என்று வாதாடுதலும் எம் கருத்தன்று. ஆட்சி வசதிக்காக அரசாங்கம் எல்லையை மாற்றுதல் இயல்பு. மாறுமுன் இருந்தது யாது என்பதை எழுதி வைத்தலே குடிகளின் கடமை.

அத்தகைய பழம் பெயர்களுள் ஒன்றை இங்கே குறிப்பிடுதல் தகும். புத்தளத்துக்குக் கிழக்கே ஆனமடுவையைச் சூழ்ந்த பகுதி தெமள ஹத்பத்து என வழங்கிற்று. தமிழ் ஏழு பற்று என்பது அதன் பொருள். வன்னியர் என்னும் தலைவர்கள் அங்கு அதிகாரஞ் செலுத்தினர். இன்று அப்பகுதியிற் பெரும்பாலும் சிங்களமே ஒலிக்கின்றது. தமிழர் ஒரு காலத்தில் அங்கு வாழ்ந்தமைக்கு, சிங்களர் நாவிலே வழங்கிய அப்பெயரே சான்றாக எஞ்சியுள்ளது. சிலாபம் என்ற பெயரையும், முத்துக்குளித்தலைக் குறிக்கும் சலாபம் என்ற தமிழ்ச் சொல்லோடு பொருத்துவர். பெயரைக் காத்தவன் வரலாற்றைக் காத்தவனாவான் என்பது இவற்றால் விளங்கும்.

சபையும் ஆராய்ச்சியும்

நூலினாற் புகழ்பெற்ற காசிச் செட்டியாரை அரசாங்கம் மறக்கவில்லை. 1833இலே தோன்றிய சட்டநிரூபண சபையில் தமிழர் சார்பில் முதலில் அமர்ந்தவர் ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி முதலியார். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தாய்வழிப் பாட்டனார் அவரே. 1836இல் அவர் காலமானார். 1838இல் அவ்விடத்துக்குக் காசிச் செட்டியார் நியமனம் பெற்றார். தலைநகரத்துச் செல்வக் குடியினருக்கே உரியதெனக் கருதத்தக்க அவ்வாசனத்தில், கற்பிட்டியிற் பிறந்து நீதிமன்றத்து மொழிபெயர்ப்பாளராயிருந்தவர் ஏறி அமர்ந்தார். 1845 வரையில் அங்கு கடமையாற்றிப் பின் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்தார். அச்சேவையில் இடம்பெற்ற முதல் இலங்கையருள் அவரும் ஒருவர்.

பதவி உயர உயர ஆராய்ச்சி குறைதல் உலக வழக்கம். அவரிடத்தில் அது மாறி நிகழ்ந்தது. இலண்டனிலுள்ள இராசரீக ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில், பரதவரின் தோற்றமும் வரலாறும் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1837இலே வெளிவந்தது. அக்கழகத்தின் இலங்கைக் கிளை 1845இலே கொழும்பில் தொடங்கியபின், அதன் சஞ்சிகைக்கும் அவர் எழுதினார். புத்தளத்துக் காட்டிலே கிடந்த தம்மன்ன நுவர என்னும் இடிபாட்டைப் பற்றிய கட்டுரை அவற்றுள் ஒன்று. விசயன் முதலில் அமைத்த நகரம் தம்பபண்ணி என மகாவமிசம் கூறும். அந்நகரத்தின் இருப்பிடம் யாதென ஆராயப் புகுந்து, ஏட்டிலுள்ள பெயரைக் காட்டிலுள்ள கல்லோடு ஒப்பிட்டு நோக்கினார் அவர். பிற்காலத்தார் அந்நகரத்துக்கு வேறு இடங்களையும் கூறுவர். எனினும், ஊரின் பழமையை ஊருக்குச் சென்று காணவேண்டும் என்னும் நெறி அவரிடத்தே இருந்தமை போற்றற்குரியது.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தை ஆங்கிலத்தில் எடுத்து விளக்கியதும் அவர் செய்த தொண்டுகளுள் ஒன்று. கிறித்தவராகிய ஒருவர் இசுலாமியப் புராணத்தை ஆராய்ந்தார். சைவ வைணவப் புலவர்களின் சரித்திரத்தை எழுதினார். பௌத்த இதிகாசத்து நகரத்தைக் காட்டிலே தேடினார். நால்வகைச் சமயத்தாரும் நெருங்கி வாழ்ந்த எம் கரையோரத்தின் குணம் அவரிடத்தே முழுமை பெற்றிருந்தது எனலாம்.

சிலாபத்து நீதிபதி

பிற்காலத்திலே காசிச் செட்டியார் சிலாபத்துக்கு மாவட்ட நீதிபதியாக வந்தார். மொழிபெயர்ப்பாளராய் நின்ற நீதிமன்றத்தை ஒத்த ஒரு மன்றத்தில் நீதியாசனத்தில் அமர்ந்தது அவர் வாழ்க்கையின் நிறைவு.

அப்பொழுது முன்னேஸ்வரம் எவ்வாறு இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு. இராமபிரான் வழிபட்ட தலம் என்பது பரம்பரைக் கூற்று. பதினைந்தாம் நூற்றாண்டிலே கோட்டையிலிருந்து ஆண்ட ஆறாம் பராக்கிரமபாகு, கோயில் நிலங்களை உறுதிப்படுத்திக் கிரந்த எழுத்தில் வடமொழிச் சாசனம் பொறிப்பித்தான். 1578இலே போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். 1753இலே கண்டி மன்னன் கீர்த்திசிறீ இராசசிங்கன் அதனைப் புதுப்பித்து நிலமும் அளித்தான். காசிச் செட்டியார் சிலாபத்தில் வாழ்ந்த காலத்துக் கோயில், 1875ஆம் ஆண்டுத் திருப்பணிக்கு முற்பட்ட சிறு கோயிலாகும். சிங்கள அரசன் தமிழ்ச் சைவர் கோயிலுக்கு வடமொழியிலே சாசனம் அளித்ததும், கண்டி அரசன் ஒருவன் அதனை மீட்டெடுத்ததும் எம் ஊர் வரலாற்றின் இரு தூண்கள். இன்றும் முன்னேஸ்வரப் பெருந்திருவிழாவின்போது சிவசந்நிதியிலும், வடிவாம்பிகை சந்நிதியிலும், காளி கோயிலிலும் தமிழரும் சிங்களரும் அருகருகே நிற்றலைக் காணலாம். எல்லைக் கோடுகள் எத்துணை முறை மாறினும் இக்காட்சி மாறவில்லை.

புலவர் சரித்திரம்

காசிச் செட்டியார் தம் இறுதிக் காலத்திலே முடித்த பெருநூல் தமிழ் புளூட்டாக் என்பது. புளூட்டாக் என்பார் கிரேக்க, உரோம வீரரின் வாழ்க்கையை எழுதிய பண்டை ஆசிரியர். அவர் பெயரால் அமைந்த இந்நூல், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்ந்த ஏறக்குறைய 200 தமிழ்ப் புலவர்களின் சரித்திரத்தை ஆங்கிலத்திற் சுருக்கிக் கூறும். 1859இலே யாழ்ப்பாணத்தில் றிப்ளி, ஸ்ட்ரோங் என்போர் அதனை அச்சிட்டனர்.

அவ்வாண்டில் உ. வே. சாமிநாதையர் நான்கு வயதுக் குழந்தை. சங்க நூல்களிற் பெரும்பாலானவை ஏட்டுச் சுவடியிலே உறங்கின. புலவர் காலங்களை வரையறுக்கும் கல்வெட்டு ஆராய்ச்சியும் வளரவில்லை. ஆதலால் அந்நூலில் கால வழுக்களும், செவிவழிக் கதைகளும் உள. அவற்றைக் கொண்டு ஆசிரியரை இகழ்தல் அறியாமையாகும். இருளிலே முதல் விளக்கை ஏற்றியவர் அவர். 1886இலே சதாசிவம்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்திலே வெளியிட்ட பாவலர் சரித்திர தீபகம், காசிச் செட்டியார் தொடங்கிய பாதையிலே மேலுஞ் சென்றது. 1946இலே, பேராசிரியர் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரின் குறிப்புக்களுடன் தமிழ் புளூட்டாக் கொழும்பிலே மீண்டும் பதிப்பிக்கப்பட்டது. தமிழரின் சாதி, வழக்கம், இலக்கியம் பற்றி அவர் எழுதி வைத்த மற்றொரு நூல், அவர் மறைந்து 74 ஆண்டுகள் கழித்து, 1934இலே அச்சேறிற்று.

இடநூல் எழுதியவரும் புலவர் நூல் எழுதியவரும் ஒருவரே என்பதை எண்ணிப் பார்த்தால் அவர் உள்ளம் புலனாகும். ஊராயினும் புலவராயினும், பெயர் மட்டும் நின்று பொருள் மறைவதை அவர் பொறுத்திலர். இருபத்தேழு வயதில் ஊர்களுக்குச் செய்ததை ஐம்பத்திரண்டு வயதிற் புலவர்களுக்குச் செய்தார்.

தமிழ் புளூட்டாக் வெளிவந்த மறுவருடம், 1860இல், தமது 53ஆம் வயதிலே காசிச் செட்டியார் காலமானார்.

பின் வந்த காலம்

அவர் கண்ட கரையோரத்தை இன்று காண்போர் வேறொரு நாட்டையே காண்பர். 1916இலே இருப்புப்பாதை சிலாபத்தை அடைந்தது. 1926இலே புத்தளத்துக்குச் சென்றது. வாய்க்கால் ஓடங்கள் மெல்ல மறைந்தன. காடும் வெளியுமாய்க் கிடந்த இடங்களிலே தென்னந்தோட்டங்கள் பரந்தன. களப்போரங்களில் பின்னாளில் இறாற் பண்ணைகள் வந்தன. ஒல்லாந்தர் கோட்டை நின்ற கற்பிட்டி நிலமுனையிலே, நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் முதற் பகுதி 2011இலே இயங்கத் தொடங்கிற்று.

மக்களின் மாற்றம் இவற்றினும் பெரிது. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையிலான கரையோரத்திலே தமிழ் பேசிய குடும்பங்கள் பல, இரண்டு மூன்று தலைமுறைகளிற் சிங்களம் பேசுவனவாயின. பாட்டனார் தமிழிற் செபித்த வீட்டிலே பேரன் தமிழ் அறியான். முன்னேஸ்வரமும் உடப்பும் போன்ற சில ஊர்களே தமிழைக் காத்து நிற்கின்றன. உடப்பிலே திரௌபதை அம்மன் தீமிதிப்பு இன்றும் சிறப்பாக நடைபெறுகின்றது.

இன்னுமொன்று கூறாது விடுதல் நேர்மையன்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே, விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முசிலிம் மக்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாணத்தில் இருந்தோருக்கு இரண்டு மணி நேரமே கொடுக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி நம்மோடு வாழ்ந்த அம்மக்களிற் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளிலே தஞ்சம் புகுந்தனர். இக்கல்லூரிக்கு அண்மையிலே கடை வைத்திருந்தவர்களின் பிள்ளைகளை, எம் மாவட்டத்து ஓலைக் கொட்டில்களிலே நாம் கண்டோம். அவர்கள் தங்கிய குடியிருப்புக்களிற் சில, காலப்போக்கில் நிலையான ஊர்களாயின. 2012ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி புத்தளம் மாவட்டத்தில் 762,396 பேர் வாழ்ந்தனர். அத்தொகையினுள் அவர்களும் அடங்குவர். அவர்கள் விட்டுவந்த வீதிகளின் பெயர்களையும், புகுந்த ஊர்களின் பெயர்களையும் எழுதி வைப்போர் யாவர்? ஓர் ஊரின் வரலாறு கட்டடங்களின் வரலாறு மட்டுமன்று. அவ்வூரை விட்டுச் செல்ல நேர்ந்தோரின் வரலாறும் அதனுள் அடங்கும்.

நாம் செய்யத்தக்கது

காசிச் செட்டியாரிடத்தே குறை இல்லையென யாம் கூறோம். அவர் ஆங்கிலத்தில் எழுதினார். தம் நூலுக்குச் செய்தி தந்த முதியோரிற் பலர் அந்நூலைப் படித்திருக்க இயலாது. ஆளுவோர் மொழியில் எழுதினாலன்றி அச்சேறுதல் அரிதாயிருந்த காலம் அது. ஆகையால் அவரைக் குறைகூறாது, அவர் விட்ட குறையை நிரப்புதலே நமக்குத் தகும். இன்று தமிழில் எழுதவும் அச்சிடவும் நமக்குத் தடையில்லை. எனினும், தம் ஊரின் குளங்களின் பெயர், ஒழுங்கைகளின் பெயர், வயல்களின் பெயர் ஆகியவற்றை முழுமையாகக் கூறவல்ல மாணவர் நம்முள் எத்தனை பேர்? யுத்த காலத்தில் ஊரைவிட்டு நீங்கி, மீண்டு வந்தபோது பழைய எல்லையை அடையாளங் காணமாட்டாது நின்றோர் நம்முட் பலர் உளர். அப்பொழுது கைகொடுத்தவை வயோதிபர் ஒருவரின் நினைவும், பெட்டியடியிற் கிடந்த உறுதிச் சீட்டுமேயல்லவா?

நிறைவாக ஒரு வேண்டுகோள். கல்லூரியின் ஒவ்வொரு மாணவரும் விடுமுறைக் காலத்தில் தம் ஊருக்கென ஒரு கொப்பி எடுத்து, அங்குள்ள முதியோரிடம் இடப்பெயர்களைக் கேட்டு எழுதுவாராக. கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை என்ற வேறுபாடின்றி எழுதுவாராக. அவ்விடத்தை மற்றை இனத்தார் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பதையும் சேர்த்தெழுதுவாராக. பழைய மாணவர் சங்கம் அக்கொப்பிகளைத் திரட்டி நூலகத்திலே வைக்குமாயின், அடுத்த விழாமலர் வெளிவரும் காலத்தில் நமக்கென ஓர் இடநூல் உருவாகியிருக்கும். அதற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. கற்பிட்டியிலே பிறந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் பெரும் பொருள் இருந்ததில்லை.

எம் தந்தையாரின் கடிதங்களிற் சில இன்றும் எம்மிடம் உள. சிலாபம் மாவட்டம் என்ற அந்தத் தலைப்பை முன்னர் பிழை என்று எண்ணியிருந்தோம். இப்பொழுது அதனை ஒரு சாசனமாகவே பேணி வருகின்றோம்.